சோபா இருக்க வேண்டிய இடத்தில் பின்பால்

1

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கூடத்தை ஒரு சுற்று பார்த்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார்கள். சோபா இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பின்பால் எந்திரங்கள் நிற்கின்றன. என் மனைவி மாலதி சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். வந்தவர் உட்கார்ந்ததும், "இது என்னாங்க, சூதாட்ட மெசினா?" என்பார். இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாலதி முந்திக்கொள்வாள்.

"அதுல போட்ட காசுக்குச் சூதாடியிருந்தாக்கூட ஏதாச்சும் திரும்பி வந்திருக்கும்லா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குப் பின்பால் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருந்தவரை நானும் அதைப் பார்த்ததில்லை. இடுப்பு உயரத்தில், நான்கு இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு நீளப் பெட்டி. மேலே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஆடுகிறவரைப் பார்த்துச் சாய்ந்த மரப்பலகை. அதில் வளைவுகள், குழிகள், விளக்குகள். பெரிய நெல்லிக்காய் அளவில் ஓர் எஃகுப் பந்து. பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் பலகையின் அடிப்பகுதியில் இரண்டு கட்டைகள் துள்ளும். உருண்டு வரும் பந்து கீழே விழுந்துவிடாமல் அவற்றால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். எவ்வளவு நன்றாக ஆடினாலும் பந்து கடைசியில் விழுந்துவிடும். மூன்று பந்து விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

இதற்கு நான் கொடுத்த விலை பதினெட்டாயிரம் வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அந்தப் பணத்தில் ஓரளவு நல்ல பழைய கார் ஒன்று வாங்கியிருக்கலாம். மாலதியின் கார் அப்போது ஏசி வேலை செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தது, இப்போதும் அப்படியேதான் ஓடுகிறது.

நான் பினாங்குக்கு வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பொறியாளர். மாலதி பினாங்குத் தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிம்பாங் அம்பாட்டில் பிறந்து வளர்ந்தவள், ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் யாழினி, பதினேழு வயது. பாயான் பாருவில் மூன்றாம் மாடியில் வீடு. மின்தூக்கி கிடையாது. நூற்றுப் பதினைந்து கிலோ எந்திரத்தை ஐந்து பேர் படியில் ஏற்றினார்கள். கடைசித் திருப்பத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "அண்ணே, சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு உள்ள என்னா இருக்கு, பொணமா?" என்று கேட்டார். அப்பா இறந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

2

அப்பா போன வருடம் ஆவணியில் இறந்தார். காலை ஆறரைக்கு அண்ணன் போன் செய்தான். அங்கே அப்போது மணி நாலு. தினமும் அந்த நேரத்துக்கு எழுகிறவர் படுக்கையிலிருந்து எழவில்லை, அவ்வளவுதான். நோய் இல்லை, படுத்த படுக்கை இல்லை. நான் பல் துலக்கிவிட்டு, சட்டை மாட்டிக்கொண்டு, மாலதியை எழுப்பிச் சொன்னேன். என்ன வரிசையில் செய்தேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது. என்ன உணர்ந்தேன் என்பது நினைவில் இல்லை.

அன்றைக்கு என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. இந்த நாட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் என்றாலும் நான் இன்னும் விசாவில் இருப்பவன்தான். புதுப்பிப்பதற்காக இரண்டு நாள் முன்புதான் குடியேற்ற அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் போய் எண்சீட்டு வாங்காமலே முகப்பில் நின்றேன். அங்கே என் வயதுள்ள ஒரு மலாய்க்காரர் இருந்தார். "பாபா சாயா சுடா மாத்தி" என்றேன். என் அப்பா செத்துவிட்டார் என்று அர்த்தம்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மெனிங்கால், என்சிக்" என்றார். என்சிக் என்றால் ஐயா. மனிதர் இறந்தால் மெனிங்கால் என்றுதான் சொல்ல வேண்டும். மாத்தி என்பது நாய்க்கும் எஞ்சினுக்கும் சொல்வது. தொழிற்சாலையில் எந்திரம் நின்றுபோனால் தினமும் நாலு தடவை அதைத்தான் சொல்கிறேன், அதுதான் வாயில் வந்துவிட்டது. இருபது வருடம் இந்த ஊரில் சோறு தின்றவன் அப்பாவின் சாவை எந்திரம் நின்ற மாதிரி சொல்லி நின்றேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து உள்ளே போய், யார் யாரிடமோ பேசி, பதினொன்றரைக்கெல்லாம் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டார். "சலாம் தக்சியா" என்று அனுதாபமும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

பினாங்கிலிருந்து கோயம்புத்தூருக்கு நேர் விமானம் இல்லை. எப்படிப் போனாலும் மறுநாள் காலைதான் போய்ச் சேர முடியும். அண்ணன், "வெச்சிருக்க முடியாதுடா. நாலு மணிக்கு எடுத்தர்றோம்" என்றான். சரி என்றேன். வீட்டுக்குப் போகாமல், இந்த ஊர் நேரம் ஆறரை வரை அந்த அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்து போனில் பார்த்தேன். அண்ணன் மகன் பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது. பாதி நேரம் யாருடைய முதுகோ தெரிந்தது. எரிவாயுத் தகன மேடைக்குள் கொண்டுபோகும் நேரத்தில் படம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. பாஸ்போர்ட் கையில் இருந்தது. மறுநாள் போயிருக்கலாம். காரியத்துக்குப் போயிருக்கலாம். மாலதி மூன்று தடவை டிக்கெட் பார்த்து வைத்தாள். "இனிப் போய் என்ன ஆகப் போகுது" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அத்தை இருக்காங்கல்ல" என்றாள். எனக்கு அது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

3

தஞ்சோங் பூங்காவில் வயதான ஒரு ஆஸ்திரேலியக்காரர் வீட்டைக் காலி செய்து ஊர் திரும்புகிறார், சோபா மலிவாகக் கிடைக்கும் என்று என்னோடு வேலை செய்யும் லிம் சொன்னான். எங்கள் பழைய சோபா நடுவில் இறங்கிப்போய், உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் உதவி தேவைப்பட்ட காலம் அது. பழையதை முதல்நாளே குப்பை லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை மாலதியும் நானும் போனோம்.

சோபா நன்றாகவே இருந்தது. மாலதி அதன் துணியைத் தடவிப் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்து அறைக்குள் போனேன். அங்கே இது நின்றது. ஒரு டிராகன், மூன்று குகை, மலை என்று படம் போட்டது. அந்தக் கிழவர் பின்னாலேயே வந்து, ஸ்விட்சைப் போட்டு, "ஆடிப் பாருங்கள்" என்றார்.

ஆடினேன். முதல் பந்து உடனே விழுந்தது. இரண்டாவது பந்து கொஞ்சம் நின்றது. மூன்று ஆட்டம் ஆடினேன். மாலதி வந்து என் தோளைத் தொட்டபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் நான் எதையும் நினைக்கவில்லை. போனில் தெரிந்த அந்த முதுகு, நின்றுபோன படம், மாத்தி என்று சொன்ன என் குரல், எதுவும் வரவில்லை. பந்து எங்கே போகிறது என்பது மட்டும்தான் இருந்தது. இந்த எந்திரத்தின் கவர்ச்சி என்ன என்று லிம் முதல் மாமனார் வரை கேட்டுவிட்டார்கள். தொழில்நுட்பம், அந்தக் காலத்து வேலைப்பாடு என்றெல்லாம் சொல்லிவைப்பேன். உண்மையான பதில் இதுதான்.

சோபா வாங்கப் போன நாங்கள் பின்பால் வாங்கிக்கொண்டு வந்தோம். பாயான் பாரு வந்ததும் மாலதி, "துக்கத்துல இருக்கீங்க, சண்டை போட வேணாம்னு பாக்குறேன்" என்றாள். அவள் நல்லவள். அந்தப் பொறுமையை நான் ஒரு வருடமாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

அம்மா வாரத்தில் மூன்று நாள் கூப்பிடுவாள். எந்திரம் வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, ஆட்டத்தின் நடுவில் போன் அடித்தது. காதுக்கும் தோளுக்கும் இடையில் வைத்துக்கொண்டு ஆடியபடியே பேசினேன். மணி அடிக்கிறது, கட்டைகள் டமால் டமால் என்று துள்ளுகின்றன, டிராகன் உறுமுகிறது.

"ஏங்கண்ணு, அங்க என்ன இத்தன சத்தம்?"

"பேக்டரிம்மா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. எது எளிதோ அது வந்தது.

"ஞாயித்துக்கெழமையுமா?"

"ஆமாம்மா. ஆர்டர் ஜாஸ்தி."

"சரி சரி. மெசின உட்டுப்போட்டுப் பேசாத. நீ பாரு. கை பத்திரம்."

வைத்துவிட்டாள். அம்மாவுக்கு எந்திரச் சத்தம் புதிதல்ல. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருந்தார். பட்டறை எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டடம். காலையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் அம்மா பாட்டுக்கு வேலையைப் பார்ப்பாள். அப்பாவின் இடதுகை நடுவிரலில் நுனி கிடையாது. அதனால்தான் கை பத்திரம்.

அடுத்த தடவையும் அதையே சொன்னேன். பிறகு சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அம்மாவே சத்தத்தைக் கேட்டதும், "வேலையா இருக்கறயாட்ட இருக்குது, வெச்சர்றேன்" என்பாள். நாற்பது நொடி, ஐம்பது நொடி. அண்ணன் சொன்னான், அம்மா வீதியில் எல்லோரிடமும் என்னைப் பற்றித்தான் பேச்சாம். சின்னவனுக்கு லீவே கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகூட மெசினில் நிற்கிறான், அதனால்தான் அப்பாவுக்குக்கூட வர முடியவில்லை. இது எனக்கு வசதியாக இருந்தது. அம்மா அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள் என்று தோன்றினால், போனை எடுக்கும் முன்பே ஓர் ஆட்டத்தைத் தொடங்கிவிடுவேன்.

மாலதி இதை ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"என்னாங்க, அத்தைகிட்ட ஏன் இப்படிப் பொய் சொல்றீங்க? பாவம்லா."

"அவங்க நிம்மதியா இருக்காங்க."

"நிம்மதி யாருக்கு?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

4

வாங்கியதோடு செலவு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இது அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது, நம் மின்சாரத்துக்குத் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். ரப்பர் வளையங்கள் இந்த ஊர் வெக்கையில் ஆறே மாதத்தில் பிசுபிசுத்துப் போகும். பினாங்கின் ஈரக்காற்றில் எஃகுப் பந்து புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், துருப்பிடித்த பந்து பலகையைச் சுரண்டும், சுரண்டினால் பல வருடத்துப் படம் போய்விடும். ஆகவே எந்திரத்துக்காகக் கூடத்தில் ஏசி. யாழினியின் அறையில் மின்விசிறி மட்டும்தான் என்பதை அவளே ஒருநாள் சுட்டிக்காட்டினாள். இரண்டாவது எந்திரம் ஈப்போவில் ஒருவரிடம் உதிரிபாகத்துக்காக வாங்கியது. அது ஓடாது. ஓட வைத்துவிடலாம் என்று நினைத்தேன், ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கீழ்வீட்டுச் சீனப் பாட்டி இரண்டு தடவை வந்து போனார். அதன்பிறகு கால்களுக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டேன். மெத்தை போட்டதும் சாய்வு மாறியது, சாய்வை மறுபடி அளந்து சரி செய்ய ஒரு முழு ஞாயிறு போயிற்று. ஒரு முழு ஞாயிறு போனது எனக்கு லாபமாகத்தான் பட்டது.

முதலில் யாழினியும் ஆடினாள். அதிக மதிப்பெண் பட்டியலில் முதல் மூன்று இடமும் அவள் பெயர்தான். எனக்கு நாலாவது இடம். ஆளுக்கொரு பந்து என்று மாறி மாறி ஆடுவோம். அவள் என்னோடு பேசுவது பாதி ஆங்கிலம், கால்வாசி மலாய், மிச்சம்தான் தமிழ். ஆட்டத்தில் மொழி தேவைப்படவில்லை. "அப்பா, லெப்ட், லெப்ட்!" என்று கத்துவாள். அவ்வளவு போதுமானதாக இருந்தது. பிறகு எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வு வருடம் வந்தது, டியூஷன் வந்தது, தோழிகள் வந்தார்கள். ஒருநாள், "உன் டர்ன்" என்று கூப்பிட்டேன். "யூ ப்ளே லா, அப்பா. யூ டோன்ட் இவன் நோட்டிஸ் வென் ஐ லீவ்" என்றாள். அது கோபம்கூட இல்லை. சும்மா சொன்னாள். அவள் சொன்னது சரிதானா என்று யோசித்துப் பார்த்தேன். கடைசியாக அவள் ஆடியது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆவணியில் அப்பாவின் முதல் வருடத் திதி வந்தது. அண்ணன் இரண்டு மாதம் முன்பே தேதி சொல்லிவிட்டான். என்னிடம் இருபத்திரண்டு நாள் லீவு மிச்சம் இருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். அம்மா, "பரவால்ல கண்ணு, வேலதான முக்கியம்" என்றாள். அன்றைக்கு மாலதி குளித்து, சமைத்து, பால்கனியில் காக்கைக்குச் சோறு வைத்தாள். இந்த ஊர்க் காக்கைகளுக்கும் பழக்கம்தான், வந்து தின்றன. நான் சாப்பிட்டுவிட்டுப் போய் ஆடினேன். வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. அது எங்கேயோ இருக்கிறது என்றும் தெரிந்தது. கைக்கு எட்டவில்லை.

5

துக்க வருடத்தில் பண்டிகை இல்லை. அது முடிந்து முதலில் வந்தது ஆயுத பூஜை. மாலதி ஒரு வாரம் முன்பே சந்தனக் கட்டையை எடுத்துவிட்டாள். இங்கே பிறந்தவளுக்கு ஆயுத பூஜையில் இவ்வளவு ஆர்வம் வந்ததற்கு அப்பாதான் காரணம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை அந்தச் சமயத்தில் ஊருக்குப் போயிருந்தோம். அப்பா பட்டறையில் பூஜையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின், டார்ச் லைட் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். மாலதி அவர் பின்னாலேயே குங்குமத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். "ஓடறது எதுவா இருந்தாலும் வெக்கோணும் சாமி" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

ஆகவே இந்த வருடம் சோறு ஆக்கும் குக்கர், துணி துவைக்கும் மெஷின், ஏசி இல்லாத கார், என் மடிக்கணினி, யாழினியின் கால்குலேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜைக்கு முன்னால் துடைத்து வைக்க வேண்டும் என்று நான் பின்பாலின் கண்ணாடியைக் கழற்றி, பலகைக்கு மெழுகு போட்டிருந்தேன். மாலதி அதற்கும் வைத்தாள். "இதைத் திட்டிக்கிட்டே இருந்தேன், இன்னிக்காச்சும் நல்லா வெச்சிருவோம்" என்றாள்.

சாயங்காலம் கண்ணாடியை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். டக். டக். டக். டக். நிற்கவே இல்லை. பலகையின் வலது பக்கம் ஒரு குழி உண்டு. பந்து அதில் விழுந்தால் அடியில் இருக்கும் ஒரு காந்தச்சுருள் அதை உதைத்து வெளியே தள்ளும். இப்போது குழியில் பந்தே இல்லை, எந்திரம் இருக்கிறது என்று நினைத்து உதைத்துக்கொண்டே இருந்தது. ஆட்டத்தைத் தொடங்க மறுத்தது. விட்டால் சுருள் எரிந்துவிடும் என்று அணைத்தேன்.

இருபத்தொரு வருடமாகப் பழுது கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பலகையைத் தூக்கி நிறுத்தி, அடியில் இருக்கும் வயர்களை ஒவ்வொன்றாக அளந்தேன். மின்பலகையைக் கழற்றி இரண்டாவது எந்திரத்தில் இருந்ததைப் போட்டுப் பார்த்தேன். டக், டக், டக். அமெரிக்காவிலிருந்து புதியது வரவழைத்தேன். பார்சலைச் சுங்கத்தில் நிறுத்திவைத்தார்கள். படிவத்தில் நான் விளையாட்டு எந்திரம் என்று எழுதியிருந்தேன், எந்த விளையாட்டு என்று நேரில் வந்து விளக்கச் சொன்னார்கள். முகப்பில் இருந்த பெண் அதிகாரி போனில் படத்தைப் பார்த்துவிட்டு, சூது இல்லைதானே என்று உறுதி செய்துகொண்டார். பிறகு, வீட்டில் பிள்ளைகள் ஆடுவதற்கா என்று கேட்டார். "தீடாக். சாயா" என்றேன். இல்லை, நான்தான். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். வந்த பலகையைப் போட்டேன். டக், டக், டக்.

மூன்று வாரம் வீட்டில் சத்தம் இல்லை. அந்த மூன்று வாரமும் அம்மாவின் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டும். எவ்வளவு நேரம் பேசுவது, எப்படி நிறுத்துவது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. வேலை அதிகம் என்று அண்ணனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன்.

6

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. மாலதி சந்தைக்குப் போயிருந்தாள். நான் எந்திரத்துக்கு அடியில் டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்திருந்தேன். யாழினி போன் சார்ஜரைத் தேடிக்கொண்டு கூடத்துக்கு வந்தவள், மேலே கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள்.

"அப்பா, வாட்ஸ் திஸ் யெல்லோ திங்? ஹோல் பக்கத்துல."

எழுந்து பார்த்தேன். குழியின் விளிம்பில், எதிரும் புதிருமாக மிளகு அளவில் இரண்டு கறுப்புக் கண்ணாடிக் கண்கள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும். பந்து குறுக்கே வந்து அதை மறைத்தால்தான் குழியில் பந்து இருக்கிறது என்று எந்திரத்துக்குத் தெரியும். அந்தக் கண்களில் ஒன்றின் மேல் சந்தனம் காய்ந்து, பலகையின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. மாலதி ஒரு குழிகூடத் தப்பக் கூடாது என்று பொட்டு வைத்திருக்கிறாள். கோளாறு என்றால் அடியில்தான் இருக்கும் என்று நான் மூன்று வாரம் அடியிலேயே தேடியிருக்கிறேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். யாழினியே நகத்தால் சுரண்டி எடுத்தாள். "அம்மா கில்ட் யுவர் மெசின்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் அவளும் சேர்ந்து சிரித்து வெகு நாளாகியிருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். டக் டக் வரவில்லை. விளக்குகள் மட்டும் எரிய, ஆளுக்காகக் காத்துக்கொண்டு அமைதியாக நின்றது.

அப்போது மேசைமேல் என் போன் அடித்தது. யாழினி பெயரைப் பார்த்தாள், எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். "அப்பத்தா! நல்லா இருக்கீங்களா? அப்பா இருக்காரு" என்று சொல்லி என் கையில் கொடுத்துவிட்டாள்.

அம்மா பேசினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். குழாயில் ஒன்பது நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது என்றாள். அண்ணனுக்கு முழங்கால் வலி, மாடி ஏற மாட்டேன் என்கிறான். அப்பாவின் சைக்கிளைப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாளாம், அவர் அதில் போவதைப் பார்த்தால் தூரத்தில் அப்பா மாதிரியே இருக்கிறதாம். நான் ம் கொட்டினேன். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம். அப்பா போன பிறகு நாங்கள் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

அம்மா திடீரென்று நிறுத்தினாள்.

"ஏங்கண்ணு, சத்தத்தையே காணம்?"

நான் எந்திரத்தைப் பார்த்தேன்.

"மூணு வாரமா போனும் எடுக்கறதில்ல. வேலை போயிருச்சா?"

அப்பாவின் பட்டறையில் சத்தம் நின்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். ஆர்டர் இல்லை. அம்மா வாசலுக்கு வந்து நின்றுகொண்டு அப்பாவிடம் இப்படித்தான் கேட்பாள், குரல் நடுங்கும். இப்போது நடுங்கவில்லை.

"போனாப் போகுது, உடு. அதுக்கா ஒளிச்சு வெக்கற? அங்க கெடந்து கஷ்டப்பட்டதெல்லாம் போதும். வந்துரு கண்ணு. மாலதியும் பாப்பாவும் எப்ப முடியுதோ அப்ப வரட்டும். மாடி ரூமு சும்மாத்தான் கெடக்குது. வெள்ளையடிச்சு வெச்சிருக்கறன்."

"எப்பம்மா அடிச்ச?"

"ஆவணிலயே. திதிக்கு வருவீன்னு."

அம்மா சந்தோஷமாக இருந்தாள். எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்து, அப்பா போன பிறகு முதல் தடவையாக அம்மா சந்தோஷமாக இருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலை போகவில்லை, போனதே இல்லை, லீவு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருக்கிறேன், வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். யாழினி கையில் சார்ஜரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்றால் போக வேண்டும். போனால் அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

நான் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன். தெரிந்தேதான் அழுத்தினேன். மணி அடித்தது, டிராகன் உறுமியது.

"இல்லம்மா, வேலையெல்லாம் இருக்குது. இப்பத்தான் ஆரம்பிச்சாங்க" என்றேன்.



"ஆமா, கேக்குது" என்றாள் அம்மா. "நல்லா ஓடுது. நல்லதாப் போச்சு. நாந்தான் என்னமோ நெனச்சுப்போட்டன். சரி கண்ணு, நீ பாரு. கை பத்திரம்."

வைத்துவிட்டாள். நான் பொத்தான்களைத் தொடவில்லை. பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போயின. திரும்பிப் பார்த்தபோது யாழினி கூடத்தில் இல்லை. இந்தத் தடவை அவள் போனதைக் கவனித்தேன்.

தீபாவளிக்கு நாங்கள் போகவில்லை. நேற்று அண்ணன் கூப்பிட்டான். மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர் அடுத்த மாதம் வருகிறார்கள். "உனக்கு ஒண்ணும் இதுல ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.